தாய்லாந்து மகளிரும் துடுப்பாட்டமும்

சயாம் என்று முன்னர் வழங்கிய தாய்லாந்து நாட்டைப் பற்றி நம்மவர் அறிந்து வைத்திருக்கும் செய்திகள் மிகச் சில. பாங்கொக் நகரில் அரசரின் ஆதரவுடன் பிராமண குருமார் நடாத்தி வந்த ஊஞ்சல் விழாவின் பெயர் நம் திருவெம்பாவையின் திரிபே என்று அறிஞர் கூறுவதைச் சைவ உலகம் அறியும். பெரிய ஊஞ்சலில் ஆடும் வழக்கம் 1935ஆம் ஆண்டுடன் நின்றுபோயினும், அச்செய்தி நம் மேடைகளில் இன்றும் பேசப்பட்டு வருகின்றது. ஆனால் அதே நாட்டு மகளிர் பதினொருவர் 2018ஆம் ஆண்டு யூன் மாதம் 9ஆம் நாள் கோலாலம்பூரில் நம் இலங்கை மகளிர் குழுவைத் துடுப்பாட்டத்தில் வென்றனர் என்னும் செய்தியை நம்முள் நினைவில் வைத்திருப்போர் எத்துணைப் பேர்? விளையாட்டுப் பக்கங்களை ஒரு வரி விடாது படிக்கும் என் மாணவரிடத்து இதனை வினவிய போது ஒருவரேனும் விடை கூறிற்றிலர். அவ்வெற்றி எவ்வாறு கைகூடிற்று என்பதையும், அதன் பின்னர் அக்குழுவினருக்கு நேர்ந்தது யாது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துடுப்பாட்டம் ஆங்கிலேயருடன் கப்பலேறிச் சென்ற விளையாட்டு. அவர் ஆண்ட இடங்களிற் கல்லூரிகளும் படைமுகாங்களும் தேயிலைத் தோட்டங்களும் அதனை வளர்த்தன. நம் நாட்டிற் பழைய கல்லூரிகள் ஆண்டுதோறும் ஆடும் பெரும் போட்டிகள் இவ்வரலாற்றின் எச்சங்களேயாம். சயாமோ எந்த ஐரோப்பிய அரசுக்கும் அடிப்படாத நாடு. எனவே, பள்ளிக்கூடத்தின் வழியாக இவ்விளையாட்டு ஊருக்குள் இறங்குவதற்கு அங்கு வாய்ப்பு இருந்திலது. இங்கிலாந்திற் கல்வி பயின்று மீண்ட உயர்குடியினரும், பாங்கொக்கில் வதிந்த பிறநாட்டு வணிகரும் ஆடிப் பார்த்தனர். 1890ஆம் ஆண்டில் அந்நகரில் ஒரு துடுப்பாட்டக் கழகமும் தோன்றியது. ஆயினும் அடுத்த நூறாண்டுக் காலம் அஃது அந்நியரின் மாலைப் பொழுதுபோக்காகவே இருந்தது. மக்கள் நாடியவை உதைபந்தாட்டமும், குத்துச்சண்டையும், பிரம்புப் பந்தைக் காலால் எற்றியாடும் தக்ரோ என்னும் ஆட்டமுமேயாம். 1995ஆம் ஆண்டிலேயே தாய்லாந்து அனைத்துலகத் துடுப்பாட்டச் சபையின் இணைப்பு உறுப்புரிமையைப் பெற்றது. பத்தாண்டு கழித்து, 2005இல், அது துணை உறுப்புரிமையாக உயர்ந்தது.

மகளிர் குழு 2007ஆம் ஆண்டு முதன்முறையாக அனைத்துலக அரங்கிற்கு வந்தது. அதில் ஆடியோர் பலர் சிறு வயதிலே துடுப்பைக் கண்டறியாதவர். சொவ்ற்போல் என்னும் விளையாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டோர் அவருட் பலர். நம்மூரில் அப்பெயரால் வழங்கும் மென்பந்துத் துடுப்பாட்டத்தை இங்கு எண்ணிக்கொள்ளலாகாது. இஃது அமெரிக்கரின் பேஸ்போலுக்குத் தங்கை முறையான வேறோர் ஆட்டம். அதிற் பழகியவர்க்குப் பந்தைப் பிடித்தலும், பிடித்த கணமே குறிதவறாது எறிதலும் இயல்பாகக் கைவரும். பந்து நிலத்திற் பட்டெழும் போது அதனைத் துடுப்பால் எதிர்கொள்ளுதல் மட்டும் அவர்க்குப் புதிது. தாய்லாந்துக் குழுவின் ஆட்டத்தைப் பார்ப்போர் முதலிற் காண்பது களத்தடுப்பின் செப்பத்தையே. உடல் வலிமையாற் பந்தை எல்லைக்கு அப்பாற் செலுத்துவோர் அவருட் சிலரே. பந்துவீச்சிலும் வேகத்தைக் காட்டிலும் சுழற்சியையும் குறி பிறழாமையையுமே அவர் நம்பினர். எதிரிக்கு ஓட்டம் கொடாமல் நெருக்கி, அந்நெருக்கத்திலே தவறு செய்விப்பது அவர் கையாண்ட முறை. இல்லாத வலிமைக்கு ஏங்காமல் உள்ளதை வைத்து ஓர் ஆட்டத்தை அமைத்துக்கொண்டனர் என்பேன்.

கோலாலம்பூரில் நிகழ்ந்ததும் இதுவே. ஆசியக் கிண்ணத்திற்கான அப்போட்டியில் முதலில் ஆடிய இலங்கை 20 ஓவர்களில் 7 விக்கெற்றுக்களை இழந்து 104 ஓட்டங்களே எடுத்தது. வொங்பக்கா லியெங்பிரசேட் என்னும் சுழற்பந்து வீராங்கனை 12 ஓட்டங்களைக் கொடுத்து 5 விக்கெற்றுக்களை வீழ்த்தினார். தாய்லாந்து 6 விக்கெற்றுக்களை இழந்த நிலையில், இறுதி ஓவரில் இலக்கை எட்டியது. அனைத்துலகச் சபையின் முழு உறுப்பு நாடொன்றை அந்நாட்டுக் குழு வென்றது அதுவே முதன்முறை. தோற்றவர் நம்மவர் என்பதனால் நாம் மறந்துவிட்டோம் போலும்.

அடுத்த யூலையிலிருந்து 2019 ஓகஸ்ற் வரை அவர் ஆடிய இருபது ஓவர்ப் போட்டிகளில் ஒன்றிலேனும் தோற்றிலர். தொடர்ந்து 17 வெற்றிகள்! அதற்கு முன் அவுஸ்திரேலிய மகளிர் 16 வெற்றிகளுடன் நிலைநாட்டியிருந்த சாதனையை, நெதர்லாந்திலுள்ள டெவென்ரர் நகரில் இவர் கடந்தனர். எதிர்த்தாடிய குழுக்கள் அவுஸ்திரேலியர் எதிர்த்தவற்றுக்கு நிகரானவை அல்ல என்று ஒருவர் கூறலாம். அது மெய்யே. ஆயின், வலியாரை எதிர்த்தாடாமை இவர் விரும்பி மேற்கொண்டது அன்று. வலியார் இவருடன் ஆட வந்திலர். அவ்வாண்டு செப்ரெம்பரில் ஸ்கொட்லாந்தில் நடந்த தகுதிகாண் போட்டிகளிற் பப்புவா நியூகினியை வென்று, 2020ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்திற்கு இடம் பெற்றனர். ஆடவராயினும் மகளிராயினும், தாய்லாந்திலிருந்து துடுப்பாட்ட உலகக் கிண்ணமொன்றிற்குச் சென்ற முதற் குழு இதுவே. சனிதா சுத்திருவாங் என்னும் மிதவேகப் பந்துவீச்சாளர் 2019ஆம் ஆண்டின் வளர்ந்துவரும் சிறந்த வீராங்கனையாக அனைத்துலகச் சபையினால் தெரிந்தெடுக்கப்பட்டார்.

அவுஸ்திரேலியாவில் அவர் ஆடிய நான்கு போட்டிகளையும் ஓட்டக் கணக்கு மட்டும் கொண்டு நோக்கினால் இரங்கத்தக்கதாகவே தோன்றும். மேற்கிந்தியத் தீவுகளிடம் 7 விக்கெற்றுக்களாலும், இங்கிலாந்திடம் 98 ஓட்டங்களாலும், தென்னாபிரிக்காவிடம் 113 ஓட்டங்களாலும் தோற்றனர். ஆயினும் இங்கிலாந்துப் போட்டியின் தொடக்கத்தை ஈண்டுக் கூறாது விடுதல் தகாது. முதலில் ஆடவந்த இருவரும் ஓட்டமெதுவும் பெறாமல் மீள, உலகின் முதன்மைக் குழுக்களுள் ஒன்று 7 ஓட்டங்களுக்கு 2 விக்கெற்றுக்களை இழந்து நின்றது. அதன் பின்னர் அணித் தலைவி ஹெதர் நைற் ஆட்டமிழக்காது 108 ஓட்டங்கள் எடுத்து நிலைமையை மாற்றினார். வலிய குழுவுக்கும் எளிய குழுவுக்கும் உள்ள வேற்றுமை இவ்விடத்திற் புலப்படும். எளியவர் பதினைந்து நிமிடம் சிறப்பாக ஆடுவர். அச்சிறப்பை ஒன்றரை மணி நேரம் நீட்டித்தற்கு வேண்டிய பழக்கம் அவர்க்கு வாய்த்திராது.

நான்காம் போட்டி மாச் மாதம் 3ஆம் நாள் சிட்னியில் நடைபெற்றது. நத்தகான் சந்தாம் 56 ஓட்டங்களும் நத்தயா பூச்சாதாம் 44 ஓட்டங்களும் பெற்று முதல் விக்கெற்றுக்கு 93 ஓட்டங்கள் சேர்த்தனர். 20 ஓவர் முடிவிற் பாக்கிஸ்தானுக்கு எதிராக 3 விக்கெற்றுக்களுக்கு 150 ஓட்டங்கள்! முந்திய மூன்று போட்டிகளில் 78, 78, 82 என நின்றவர் பத்து நாட்களுள் இவ்வளவு முன்னேறினர். பின்னர் மழை வந்து போட்டியைக் கெடுத்தது. வென்றிருப்பரோ அன்றோ என்பது வீண் ஆராய்ச்சி. பத்து நாட்களில் வலிய குழுக்கள் நான்குடன் தொடர்ந்து ஆடிய பயிற்சி அக்குழுவை என்ன செய்தது என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

இன்னொன்றும் கூறல் வேண்டும். போட்டி முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், இக்குழுவினர் வரிசையாக நின்று பார்வையாளரை நோக்கிக் கைகூப்பித் தலைதாழ்த்தி வணங்குவர். அது தாய்லாந்து மக்களின் அன்றாட வழக்கம்; நமக்கும் புதியதன்று. அவுஸ்திரேலியப் பார்வையாளர்க்கோ அது பெரும் புதுமையாயிற்று. செய்தித்தாள்கள் அவர்தம் புன்முறுவலையும் வணக்கத்தையும் பெரிதும் பாராட்டின. பாராட்டியதிற் குற்றமில்லை. எனினும், ஒரு குழுவின் பணிவைப் புகழ்வதோடு நின்று, அக்குழுவுக்கு அடுத்த போட்டி எப்பொழுது என்று வினவாதிருப்பது அரைப் பாராட்டேயாம்.

இனி, தகுதிநிலை என்பது யாதென விளக்குவோம். துடுப்பாட்ட உலகில் நாடுகள் இரு வகுப்பினவாக உள. முழு உறுப்புரிமை உடையன 12. ஏனையவை யாவும் துணை உறுப்புரிமை உடையன. இருபது ஓவர்ப் போட்டிகளைப் பொறுத்தவரை 2018 யூலை 1ஆம் நாள் முதல் எல்லா உறுப்பு நாடுகளின் மகளிர் போட்டிகளும் அனைத்துலகப் போட்டிகளாகக் கொள்ளப்படுகின்றன. ஐம்பது ஓவர்ப் போட்டிகளில் அவ்வாறன்று. அனைத்துலக ஒருநாட் போட்டி என்னும் தகுதிநிலை பெற்ற இரு குழுக்கள் ஆடினாலன்றி, ஆட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் தரவரிசைக் கணக்கில் இடம்பெறாது. முழு உறுப்பு நாடுகளின் மகளிர் குழுக்கள் யாவற்றுக்கும் இத்தகுதிநிலை 2021 ஏப்பிரலில் நிரந்தரமாக வழங்கப்பட்டது. அப்பன்னிரு நாடுகளுள் ஆப்கானிஸ்தானும் ஒன்று. அவ்வாண்டு ஓகஸ்றில் நேர்ந்த ஆட்சி மாற்றத்தின் பின் அங்கே மகளிர் குழு இயங்கவே வழியில்லாது போயிற்று. ஆடக் குழுவில்லாத நாட்டுக்குத் தகுதிநிலை உண்டு. குழுவிருந்தும் வெற்றியிருந்தும் தாய்லாந்துக்கு அது இல்லை. விதி வகுத்தோர் இதனை நினைந்து வகுத்திரார் என்றே கொள்வோம். ஆனால் விதியின் பயன் இதுவாயிற்று.

இதன் கேடு அவ்வாண்டு நவெம்பரில் வெளிப்பட்டது. 2022ஆம் ஆண்டின் ஐம்பது ஓவர் உலகக் கிண்ணத்திற்கான தகுதிகாண் போட்டிகள் சிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் நடைபெற்றன. ஒன்பது குழுக்கள் இரு பிரிவுகளாக ஆடின. மூன்று குழுக்கள் உலகக் கிண்ணத்திற்குச் செல்லும். அம்மூன்றுடன் மேலும் இரண்டு குழுக்கள் மகளிர் சம்பியன்சிப் எனப்படும் நெடுந்தொடரில் இடம் பெறும். இவ்விரண்டாவது பரிசின் அருமையை எல்லோரும் அறியார். அத்தொடரில் இடம்பெறும் ஒவ்வொரு குழுவும் எட்டுக் குழுக்களுடன் மும்மூன்று போட்டிகளாக, மூன்றாண்டுகளுள் 24 ஒருநாட் போட்டிகளை ஆடும். வலிய நாடுகள் வேண்டினும் வேண்டாவிடினும் வந்து ஆடியே தீரவேண்டும். எளிய குழுவொன்றுக்கு இதனினும் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை.

தாய்லாந்து இப்போட்டிகளில் நன்றாகவே ஆடியது. மழையாற் குறுக்கப்பட்ட ஆட்டமொன்றிற் பங்களாதேஷை 16 ஓட்டங்களால் வென்று, தன் பிரிவில் முன்னணியில் நின்றது. அவ்வேளையில், கொரோனா நோயின் ஒமிக்ரோன் என்னும் புதிய திரிபு தென்னாபிரிக்கப் பகுதியிற் பரவுவதாகச் செய்தி வந்தது. நாடுகள் வான்வழிகளை அடைக்கத் தொடங்கின. குழுக்கள் ஊர்திரும்ப இயலாது அகப்பட்டுக்கொள்ளும் என அஞ்சிய சபை நவெம்பர் 27ஆம் நாள் போட்டிகளை இடையில் நிறுத்தியது. அவ்வாறு நிறுத்தியதைக் குறைகூற முடியாது. அதன் பின் செய்ததே வினாவுக்குரியது. அங்கு ஆடப்பட்ட ஆட்டங்களை விடுத்து, ஒருநாட் தரவரிசையைக் கொண்டு இடங்களைப் பங்கிட்டனர். பங்களாதேஷ், பாக்கிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள் ஆகியன உலகக் கிண்ணத்திற்கும், அவற்றுடன் இலங்கையும் அயர்லாந்தும் நெடுந்தொடருக்கும் தெரிவாயின. தாய்லாந்தின் பெயர் அத்தரவரிசையிலே இல்லை. தகுதிநிலை இல்லாதபடியால் அவர் ஆடிய ஐம்பது ஓவர்ப் போட்டி எதுவும் கணக்கில் வந்திலது. பங்களாதேஷை வென்ற அந்த ஆட்டமும் அவ்வாறே. தோற்ற குழு உலகக் கிண்ணத்திற்குச் செல்ல, வென்ற குழு வீடு திரும்பியது.

தேர்வு பாதியில் நிற்குமாயின், எழுதிய தாள்களைத் திருத்தாது, முந்திய தவணைப் புள்ளிகளைக் கொண்டு சித்தியடைந்தோரைத் தீர்மானிப்பது ஆசிரியர் சிலர் கைக்கொள்ளக்கூடிய முறையே. ஆயினும் முந்திய தவணையில் எழுத அனுமதிக்கப்படாத மாணவி ஒருத்தி அவ்வகுப்பில் இருப்பாளாயின், அவளுக்கு நாம் என்ன விடை கூறுவோம்? இவ்வாறு பங்கிட்டதிற் பயனடைந்தவருள் நம் நாடும் ஒன்று என்பதை மறைத்தல் நேர்மையன்று. இலங்கை மகளிர் அவ்விடத்தை ஆடி வென்றிருக்கவும் கூடும். அதற்கு ஆற்றல் உடையவரே. ஆனால் ஆடி வெல்லும் வாய்ப்பு அவர்க்கும் கிடைத்திலது.

2022 மே மாதத்தில், ஆறு மாதம் பிந்தி, தாய்லாந்துக்கும் வேறு நான்கு துணை உறுப்பு நாடுகளுக்கும் ஒருநாட் தகுதிநிலை வழங்கப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பரில் அபுதாபியில் நடந்த தகுதிகாண் அரையிறுதியில் அயர்லாந்திடம் 4 ஓட்டங்களால் தோற்று, இருபது ஓவர் உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தனர். அடுத்த மாதம் சில்ஹெற்றில் ஆசியக் கிண்ணம். நருமோல் சாய்வை அப்பொழுது அணித் தலைவி. பாக்கிஸ்தான் எடுத்த 116 ஓட்டங்களை ஒரு பந்து எஞ்சியிருக்கக் கடந்து, 4 விக்கெற்றுக்களால் வென்றனர். சந்தாம் 61 ஓட்டங்கள் எடுத்தார். அதே தொடரில் இந்தியாவிடம் 37 ஓட்டங்களுக்கு எல்லோரும் ஆட்டமிழந்ததும் உண்டு. பின்னர் அரையிறுதியிலும் அதே இந்தியாவிடம் 74 ஓட்டங்களால் தோற்றனர். ஒரு நாள் மலையேறி மறுநாள் பள்ளத்தில் வீழும் இந்நிலை, போட்டி அனுபவம் குறைந்த எல்லாக் குழுக்களுக்கும் உரியதே.

நவெம்பர் 20ஆம் நாள் தாய்லாந்தின் வட நகராகிய சியாங்மாயில் அவர்தம் முதலாவது அனைத்துலக ஒருநாட் போட்டி நடைபெற்றது. எதிர்த்தாடியது நெதர்லாந்து. சந்தாம் 102 ஓட்டங்கள் எடுத்தார். குழு 100 ஓட்டங்களால் வென்றது. ஐம்பது ஓவர் ஆட்டத்திற் சதம் அடிப்பதென்பது நெடுநேரம் நின்று, களைப்பையும் சலிப்பையும் அடக்கி ஆடும் கலை. இருபது ஓவர் ஆட்டம் அதனைக் கற்பிக்காது. பல்லாண்டு பூட்டியிருந்த கதவு திறந்த முதல் நாளிலேயே ஒருவர் அதனை ஆடிக் காட்டினார்.

எனினும் தகுதிநிலை கிடைத்தாற் போதாது; ஆடுவதற்கு ஆள் வேண்டும். நெடுந்தொடரில் இடமில்லாத குழுவுடன் வலிய நாடுகள் எதனை நாடி ஆடும்? அவ்வாண்டுகளில் இலங்கை மகளிர் அத்தொடரின் வழியாக முன்னணி நாடுகளுடன் தவறாது ஆடி வந்தனர். 2024 யூலையிற் சமரி அத்தபத்துவின் தலைமையிலே, தம்புள்ளையில், இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றினர். அவ்வெற்றி நமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. அதே கிண்ணத்திற்காக அதே தம்புள்ளையில் தாய்லாந்தும் நம்மவருடன் ஆடியது. இலங்கை 10 விக்கெற்றுக்களால் வென்றது. 2018இல் இறுதி ஓவரில் நம்மை வென்ற குழு, ஆறாண்டுகளின் பின் ஒரு விக்கெற்றையும் வீழ்த்த இயலாது போயிற்று. அத்தபத்து போன்றார் ஒருவர் அங்கு இல்லாமையும் ஒரு காரணமே. ஆயினும் முதற் காரணம் இடையில் ஆடப்பட்ட போட்டிகளும் ஆடப்படாத போட்டிகளுமே என்பது என் துணிபு. 2025 ஏப்பிரலில் லாகூரில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளிலும் தாய்லாந்து தான் ஆடிய ஐந்திலும் தோற்றது. இத்தோல்விகளைக் காட்டி, முன்னர் இடம் மறுத்ததே முறை என்று வாதிப்போர் உளர். உணவு கொடாது வைத்துப் பின் மெலிவைக் குற்றமாகக் காட்டும் வாதம் அது.

லாகூரில் ஆடிய தகுதி கொண்டு அவர்தம் ஒருநாட் தகுதிநிலை 2029 வரை நீடிக்கப்பட்டுள்ளது. 2025 முதல் 2029 வரைக்குமான நெடுந்தொடரில் குழுக்களின் தொகை பத்திலிருந்து பதினொன்றாக உயர்த்தப்பட்டது. அப்பதினோராவது இடம் முழு உறுப்பு நாடாகிய சிம்பாப்வேக்கு வழங்கப்பட்டது. அந்நாட்டு மகளிர் 2023 ஏப்பிரலில் தாய்லாந்துக்குச் சென்று ஒருநாட் தொடரொன்றில் ஆடியிருந்தனர். அத்தொடரில் வென்றது தாய்லாந்து.